சென்னையை விட்டுத் திருச்சிக்குப் போய்விடலாமா? மனைவியின் வேலைதான் இடிக்கிறது

லால்குடிக்காரன்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடவாக்கம் பக்கம் பல வருடமாக இருக்கிறோம். நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சப்போர்ட் பிரிவில் இருக்கிறேன். கொரோனாவிலிருந்து வீட்டிலேயே வேலை, மாதம் ஒரு தடவை சோழிங்கநல்லூர் அலுவலகத்தில் தலையைக் காட்டினால் போதும். மனைவி பல்லாவரத்தில் தோல் காலணி ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் சாம்பிள் பிரிவில் வேலை பார்க்கிறார். மகள் ஏழாம் வகுப்பு, சிபிஎஸ்இ. ஃபிளாட் சொந்தம், கடன் பாதி பாக்கி. அப்பா காலமான பிறகு அம்மா லால்குடி வீட்டில் தனியாக இருக்கிறார், சர்க்கரையும் முட்டி வலியும் உண்டு.

திருச்சிக்கே போய்விடலாம் என்ற எண்ணம் இப்போது வந்ததல்ல. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போதே வந்தது. எங்கள் குடியிருப்புக்கு இன்னமும் லாரித் தண்ணீர்தான், போர்வெல் உப்பு. விடிவதற்கு முன்னால் லாரி வந்து நிற்கும், காவலாளி ஓடிப் போய் சம்ப் மூடியைத் தூக்குவார், குழாயில் இருக்கும் ஓட்டையைச் சாக்கு சுற்றிக் கட்டியிருப்பார்கள், ஆனாலும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு தெருவில் ஓடும். அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறோம், பிறகு மாதக் கடைசியில் குழுவில் யார் வீட்டில் எவ்வளவு செலவு என்று சண்டை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முழங்கால் அளவுத் தண்ணீர், மூன்றாவது மாடியில் மின்சாரம் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். இப்போது மெட்ரோ வேலைக்காகச் சாலை முழுக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், மகள் பள்ளி வேனில் போய் வருவதற்குள் களைத்துப் போகிறாள்.

திருச்சியில் காவிரித் தண்ணீர், அம்மா பக்கத்தில், வாடகை குறைவு. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, மனைவியின் வேலையைத் தவிர. திருச்சியில் தோல் காலணித் தொழில் கிடையாது. அவருடைய அம்மா அப்பாவும் குரோம்பேட்டையில் இருக்கிறார்கள். இப்படிக் கிளம்பிப் போனவர்கள், போய்விட்டுத் திரும்பியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

---

உறையூர் வாசி

வாங்க வாங்க. நான் திருச்சியிலேயே பிறந்து வளர்ந்து, நடுவில் சென்னையில் வேலை பார்த்துவிட்டு இங்கேயே வந்து உட்கார்ந்தவன். எங்கள் ஊரைப் பற்றிப் பேசினால் நிறுத்த மாட்டேன், அதனால் உங்களுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

வீடு எங்கே பார்ப்பது என்பதுதான் முதல் கேள்வி. தில்லைநகர், கன்டோன்மென்ட் என்றால் எல்லாம் கைக்கு எட்டும் தூரம், ஆனால் வாடகை சென்னைப் புறநகருக்குப் பெரிதாகக் குறையாது. கே.கே.நகர் பக்கம் அமைதி, வாடகையும் பரவாயில்லை. அம்மா லால்குடியில் இருப்பதால் ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், இல்லை கொள்ளிடம் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட் பக்கம் பார்ப்பதுதான் உங்களுக்கு நல்லது. தெற்கே வீட்டை எடுத்துக்கொண்டு லால்குடிக்குப் போய் வர வேண்டும் என்றால் காவிரிப் பாலத்தைத் தாண்டியாக வேண்டும். 2022 செப்டம்பரில் அந்தப் பாலத்தைப் பராமரிப்புக்காக மூடி அடுத்த மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த ஆறு மாதமும் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

தண்ணீர் விஷயத்தில் நீங்கள் சொன்னது உண்மை. லாரிக்காகக் காத்திருக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனால் வெள்ளமே வராத ஊர் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். 2018 ஆகஸ்ட்டில் முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின, பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்களும் அதே மாதம்தான் சரிந்தன. கோரையாறு பெருகினால் கருமண்டபம், எடமலைப்பட்டிபுதூர் பக்கம் தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறும். வீடு பார்க்கும்போது தரகரிடம் கேட்காதீர்கள், தெருமுனையில் இருக்கும் கடைக்காரரிடம் கேளுங்கள். அப்புறம் வெயில். ஏப்ரல், மே மாதத்தில் சென்னையில் சாயங்காலமானால் கடல் காற்று வரும், இங்கே அது கிடையாது, ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும்.

ஆனால் மனசுக்கு நிம்மதியான ஊர், அதில் சந்தேகமே வேண்டாம்.

---

கோவை போய் வந்தவன்

சகோ, உங்கள் நிலைமையில்தான் நானும் கோவைக்குப் போனேன். ஊரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சரவணம்பட்டியில் வீடு, நல்ல தண்ணீர், பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி. நான் திரும்பி வந்தது வேலைக்காக.

என் நிறுவனம் இன்னொன்றோடு இணைந்தபோது எங்கள் குழுவையே கலைத்துவிட்டார்கள். கோவையில் ஐடி நிறுவனங்களுக்குக் குறைவில்லை, டைடல் பார்க் 2010லேயே வந்துவிட்டது, அப்படியிருந்தும் என் அனுபவத்துக்கும் என் சம்பளத்துக்கும் பொருந்துகிற இடம் விரல் விட்டு எண்ணுகிற அளவில்தான் இருந்தது. அங்கேயும் ஆட்கள் நிரம்பியிருந்தார்கள். பல மாதம் தேடினேன். வந்த அழைப்பெல்லாம் சென்னை, பெங்களூருவிலிருந்துதான், எல்லோரும் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். குடும்பத்தை அங்கே விட்டுவிட்டு நான் மட்டும் வேளச்சேரியில் அறை எடுத்துத் தங்கினேன், பிறகு எல்லோரையும் அழைத்து வந்துவிட்டேன். பெரிய பையன் அதில் ரொம்ப அடிபட்டான்.

அதனால் உங்களைக் கேட்பது இதுதான்: இந்த வேலை போனால் அடுத்த வேலை எந்த ஊரில் இருக்கும்? வீட்டிலிருந்து வேலை என்பது உங்கள் பணி ஆணையில் எழுத்தில் இருக்கிறதா, மேலாளர் வாய்வார்த்தையா? 2023க்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக ஆட்களைத் திரும்ப அழைத்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். கோவையிலேயே எனக்கு இந்தக் கதி. திருச்சியில் நாவல்பட்டு எல்காட் ஐடி பூங்கா இருக்கிறது, பஞ்சப்பூரில் டைடல் பார்க் வரப்போகிறது என்கிறார்கள், வரட்டும், நல்லதுதான். ஆனால் உங்களுக்கு வேலை தேவைப்படுகிற மாதத்தில் அது இருக்க வேண்டுமே.

---

சதுப்புநிலத்து அண்டை வீட்டார்

நானும் உங்கள் பக்கம்தான், பெரும்பாக்கம். 2015 வெள்ளத்தில் கீழ்த்தளத்தில் இருந்த எல்லாம் போய்விட்டது, அதையும் பார்த்தேன், மிக்ஜாமையும் பார்த்தேன். ஆனாலும் நான் கிளம்பவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

நமக்கு எதிரே தோண்டிப் போட்டிருப்பது மாதவரம் – சோழிங்கநல்லூர் தடம். மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகத்தான் வருகிறது. இத்தனை வருடம் தூசு தின்றாகிவிட்டது, ரயில் ஓடப்போகிற நேரத்தில் கிளம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் மகள் கல்லூரிக்குப் போகிற வயதில் வேன், பேருந்து என்று அலையாமல் ரயிலில் போவாள்.

வெள்ளத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை மறுக்க முடியாது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் மழை நீரை வாங்கி வைத்துக்கொள்ளும் இடம், அதில் குப்பையைக் கொட்டி, ஓரமெல்லாம் கட்டடம் கட்டி, 2022ல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்த பிறகும் இன்னும் அதன் எல்லை எது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இதில் கோபம் உண்டு, குடியிருப்போர் சங்கத்தில் மனு மேல் மனு எழுதுகிறோம். ஆனால் உங்களை மாதிரி, என்னை மாதிரி மனு எழுதக்கூடியவர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டால் இங்கே வேறு வழியில்லாமல் இருக்கப்போகிறவர்களுக்காக யார் எழுதுவது? கண்ணகி நகரிலும் பெரும்பாக்கம் குடியிருப்புகளிலும் நகரத்தின் நடுவிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இப்படி ஊரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

உங்கள் குடும்பத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இதுவும் ஒரு பக்கம் என்பதற்காகச் சொல்கிறேன்.

---

கணக்கர்

ஃபிளாட்டைப் பற்றி மட்டும். அவசரப்பட்டு விற்காதீர்கள். ஒரு தடவை விற்றுவிட்டு வெளியே போனால், திரும்பி வரும்போது அதே இடத்தில் அதே அளவு வீடு வாங்குவது பெரும்பாலும் முடியாது. வாடகைக்கு விடுங்கள். வாடகை தவணையில் பாதிக்கு மேல் வருமா என்பதே சந்தேகம், மீதியைக் கையிலிருந்து போட வேண்டும், அதோடு திருச்சி வாடகை. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள், மிச்சம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும்.

வரியில் ஒரு விஷயம். பழைய முறையில் இருந்தால் வீட்டு வாடகைப்படி விலக்கு சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை, திருச்சியில் 40தான். புதிய முறையில் அந்த விலக்கே கிடையாது. ஆனால் வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டியை அந்த வாடகை வருமானத்தில் புதிய முறையிலும் கழிக்கலாம், நஷ்டம் வந்தால் சம்பளத்தோடு ஈடுகட்டத்தான் முடியாது. உங்கள் ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

இன்னொன்று. உங்கள் கணக்கில் மனைவியின் சம்பளம் இருக்கிறதா இல்லையா? நீங்கள் எழுதவே இல்லை.

---

தென்கோடி அக்கா

தம்பி, கணக்கர் கேட்டதைத்தான் நானும் கேட்க வந்தேன். உங்கள் பதிவில் தண்ணீர் லாரிக்கு ஒரு பத்தி, மனைவி வேலைக்கு இரண்டு வரி.

நான் சென்னையில் ஒரு பதிப்பகத்தில் வடிவமைப்பு வேலை பார்த்தேன், நல்ல பெயர் இருந்தது. அவருக்கு மாற்றல் வந்தது, நாகர்கோவிலுக்கு வந்தோம். ஊர் அழகு, காற்று சுத்தம், காலையில் வாங்குகிற மீன் மதியம் குழம்பில், எல்லாம் சரிதான். ஆனால் வந்த முதல் வருடம் நான் யார் என்றே எனக்குத் தெரியவில்லை. “இன்னார் வீட்டுக்காரி” என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். ஃப்ரீலான்ஸ் பண்ணலாமே என்று எல்லோரும் எளிதாகச் சொன்னார்கள், ஆனால் பகலில் வீட்டில் இருக்கும் பெண்ணை வேலையில் இருப்பவளாக யாரும் மதிப்பதில்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் நான், விருந்தாளி வந்தால் நான், மாமனாரை டாக்டரிடம் கூட்டிப் போக நான்.

அடுத்தது வீடு. வாடகை வீடு பார்க்கப் போனால் பெயர் கேட்பார்கள், ஊர் கேட்பார்கள், அப்பா என்ன செய்கிறார் என்பார்கள், சுற்றி வளைத்துச் சாதிக்கு வந்து நிற்பார்கள். சென்னையிலும் இது உண்டு, யாரும் இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அங்கே ஒரு வீடு போனால் இன்னொரு வீடு என்று நகர்ந்துவிடலாம். சின்ன ஊரில் வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். ஸ்ரீரங்கத்தில் வீடு பார்க்கிறீர்கள் என்றால் அசைவம் சமைப்பீர்களா என்பதும் சேர்ந்து வரும். எனக்கு இதைப் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை, இப்போதும் முடியவில்லை.

பத்து வருடம் கழித்து இப்போது சொந்தமாக ஒரு சின்ன அச்சகம் நடத்துகிறேன், ஊரை விட்டுப் போகச் சொன்னால் போக மாட்டேன். ஆனால் அது எனக்கு ஊர் கொடுத்தது இல்லை, நானாகப் பிடுங்கிக்கொண்டது. அதற்கு ஆன வருடங்களை உங்கள் மனைவி கொடுக்கத் தயாரா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும், எங்களிடம் இல்லை.

---

லால்குடிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்னது மனதில் தைத்தது. மனைவியின் சம்பளம் என் கணக்கில் இருக்கிறது, அது போனால் ஃபிளாட் தவணைக்கு மேல் பெரிதாக மிச்சம் இருக்காது. கோவை நண்பர் கேட்டதற்கு: வீட்டிலிருந்து வேலை என்பது மின்னஞ்சலில்தான் இருக்கிறது, பணி ஆணையில் வேலையிடம் சென்னை என்றே இருக்கிறது.

மனைவியிடம் இந்த இழையைக் காட்டினேன். படித்துக்கொண்டிருக்கிறார்.

---

துவாக்குடி பட்டறை

நான் துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருப்பவன். சின்ன ஊர் வேலைவாய்ப்பு எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் கதையைக் கேளுங்கள். பெல் நிறுவனத்தை நம்பித்தான் இங்கே நூற்றுக்கணக்கான பட்டறைகள் முளைத்தன. பாய்லர் ஆர்டர் இருந்த காலத்தில் மூன்று ஷிப்ட் ஓடியது, வெல்டர் கிடைக்காமல் அலைந்தோம். அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்ததும் எங்கள் பக்கம் ஷட்டர் ஷட்டராக இறங்கியது. நல்ல வெல்டர்கள் வளைகுடாவுக்குப் போனார்கள், சிலர் ஆட்டோ ஓட்டினார்கள். சென்னையில் ஒரு கம்பெனி மூடினால் அம்பத்தூரில் இல்லாவிட்டால் ஸ்ரீபெரும்புதூர், அங்கே இல்லாவிட்டால் ஒரகடம். இங்கே ஒரு பெரிய கம்பெனி தும்மினால் ஊருக்கே ஜலதோஷம் பிடிக்கும். நான் ஊரை விட்டுப் போகவில்லை, உணவு பதப்படுத்தும் இயந்திரங்களுக்கு மாறிப் பிழைத்துக்கொண்டேன், ஆனால் மாறத் தெரியாமல் நின்றவர்கள் நிறைய.

உங்கள் வீட்டம்மா வேலை விஷயமாக ஒரு தகவல். பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் சிப்காட் காலணிப் பூங்கா வந்திருக்கிறது. 2022 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், அடுத்த வருடமே ஒரு தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலர் அதில் சேர விசாரித்தார்கள். திருச்சியிலிருந்து பெரம்பலூருக்கு நான்குவழிச் சாலை, எறையூர் அதற்கும் வடக்கே. தினமும் போய் வருவது கஷ்டம்தான், ஆனால் திருச்சி வட்டாரத்தில் காலணி வேலையே கிடையாது என்பது இனி முழு உண்மை இல்லை.

---

குரோம்பேட்டைப் பெண்

லால்குடிக்காரரின் மனைவிதான் எழுதுகிறேன். தனிக் கணக்கு தொடங்கினேன், அவர் கணக்கில் எழுத விருப்பமில்லை.

முதலில், எனக்குத் திருச்சி பிடிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். கல்யாணமான புதிதில் லால்குடி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இந்த லாரித் தண்ணீரும் தூசும் எனக்கும்தான் வெறுத்துப் போயிற்று.

என் வேலை என்ன என்று சொல்கிறேன், ஏனென்றால் “சாம்பிள் பிரிவு” என்றால் யாருக்கும் புரிவதில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒரு ஷூவின் படத்தை அனுப்புவார். அதை லாஸ்ட் என்கிற பாத வடிவ அச்சின் மேல் வரைந்து, பேட்டர்ன் எடுத்து, தோல் வெட்டி, அப்பர் என்கிற ஷூவின் மேல்பகுதியைத் தைத்து, முதல் ஜோடியை உருவாக்குவது எங்கள் அறை. நான் அதில் தோல் தேர்வும் பேட்டர்னும் பார்க்கிறேன். ஒரு தோலைக் கையில் எடுத்து மேல்பக்கம் உள்ளே வருகிற மாதிரி மடித்துப் பார்த்தால் சுருக்கம் எப்படி விழுகிறது என்று தெரியும். மெல்லிய கோடாக விழுந்தால் முன்பக்கத்துக்கு வைக்கலாம், தளர்ந்து மடிப்பு மடிப்பாக வந்தால் அது நாக்குக்கோ உள்ளே மறைகிற இடத்துக்கோதான் போகும். கிண்டியில் காலணிப் பயிற்சி நிறுவனத்தில் படித்துவிட்டு வந்தாலும், இந்தக் கைப்பழக்கம் எங்கள் பழைய மாஸ்டர் பக்கத்தில் வருடக்கணக்கில் நின்று கற்றது. அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த மேஜை எனக்கு வந்தது. என் சம்பளம் அவருடையதில் பாதிகூட இல்லை, ஆனால் அந்த மேஜை சும்மா கிடைத்ததில்லை.

துவாக்குடி அண்ணன் சொன்ன எறையூர் பற்றி எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எங்களிடமிருந்தே சிலருக்கு அழைப்பு வந்தது. ஆனால் அங்கே பெரும்பாலும் தோல் அல்லாத காலணி. அச்சில் ஊற்றி எடுக்கிற வேலை வேறு, தோல் வேலை வேறு. நான் அங்கே போனால் மேற்பார்வையாளராகச் சேரலாம், என் கைவேலை அங்கே தேவைப்படாது. தோலுக்கு பல்லாவரம், குரோம்பேட்டை, இல்லாவிட்டால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. திருச்சி இந்த வரைபடத்தில் இல்லை.

இரண்டாவது, மகள். பள்ளி விட்டதும் அவளை எங்கள் அம்மாதான் வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சாப்பாடு போட்டு வீட்டுப்பாடம் பார்க்கிறார். அதனால்தான் ஷிப்மென்ட் நேரத்தில் நான் எட்டு மணி வரை நிற்க முடிகிறது. திருச்சியில் அந்த இடத்துக்கு யார்? லால்குடியிலிருந்து அத்தை வருவார் என்று இவர் நினைக்கிறார் போல. முட்டி வலியோடு அவரால் முடியுமா?

மூன்றாவது, இதைத்தான் நான் வீட்டிலும் சொன்னேன். அத்தை எங்களை வரச் சொல்லிக் கேட்டதே இல்லை. அவருக்கு லால்குடியில் தெரு முழுக்க ஆள் இருக்கிறது, கோயிலுக்கு ஒரு கூட்டம், பால்காரரிலிருந்து மருந்துக்கடை வரை பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நாங்கள் திருச்சியில் வீடு எடுத்தால் அவர் தன் வீட்டை விட்டுவிட்டு மாடிப்படி ஏறி எங்களோடு இருப்பாரா? இருக்க மாட்டார் என்றால் நாங்கள் யாருக்காகப் போகிறோம்?

---

தென்கோடி அக்கா

கண்ணு, நீ எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. அந்த மேஜையை விடாதே. விட்டுத்தான் ஆக வேண்டும் என்று ஒரு நாள் வந்தாலும் நீயாக முடிவு பண்ணி விடு.

---

கோவை போய் வந்தவன்

சகோதரி சொன்னதில் எல்லாமே அடங்கிவிட்டது. நான் ஒன்று சேர்க்கிறேன்: உங்கள் இருவரில் யாருடைய வேலை நிலையானது என்று பாருங்கள். சம்பளம் அதிகம் என்பதால் அவருடைய வேலையைச் சுற்றி எல்லாம் முடிவாகிறது, ஆனால் அவர் வேலை ஒரு மின்னஞ்சலில் நிற்கிறது. உங்கள் வேலைக்கு நாளைக்கே இந்த நிறுவனம் மூடினாலும் பக்கத்துத் தெருவில் ஆள் தேடுவார்கள். எனக்கு அன்றைக்கு இப்படி யோசிக்கச் சொல்ல யாரும் இல்லை.

---

வார்டு சிஸ்டர்

திருச்சியில் செவிலியராக இருக்கிறேன். அம்மா உடல்நிலை பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரை, முட்டி இரண்டுக்கும் திருச்சியில் நல்ல மருத்துவம் இருக்கிறது. இதய அடைப்புக்கும், டயாலிசிஸுக்கும் வெளியூர் போக வேண்டிய அவசியம் இல்லை. அபூர்வமான நோய் என்றால்தான் சென்னை, வேலூர் என்று அனுப்புவோம். அதனால் அவரைச் சென்னைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பதும் இல்லை, நீங்கள் உடனே இங்கே வந்தாக வேண்டும் என்பதும் இல்லை.

தனியாக இருக்கும் வயதானவர்களிடம் நாங்கள் அடிக்கடி பார்ப்பது வேறு. மாத்திரை வாங்கி வைத்திருப்பார்கள், ஆனால் சாப்பிட்டார்களா என்று பார்க்க ஆள் இருக்காது. காலில் சின்னப் புண் வரும், செருப்பு கடித்தது என்று விட்டுவிடுவார்கள், சர்க்கரைக்காரர்களுக்கு அது விரலையே எடுக்கிற அளவுக்குப் போகும். மாதத்துக்கு ஒரு தடவை யாராவது உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்து, இரத்தப் பரிசோதனை எடுத்து, மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தால் பாதிப் பிரச்சினை வராது. அதற்கு வீடு மாற வேண்டியதில்லை.

---

சதுப்புநிலத்து அண்டை வீட்டார்

சிஸ்டர் சொன்னதைப் பார்த்ததும் தோன்றுகிறது. லால்குடிக்காரரே, உங்களுக்கு வீட்டிலிருந்து வேலை. அப்படியென்றால் எந்த வீடு என்று யாரும் கேட்கப்போவதில்லை. மாதத்தில் ஒரு வாரம் நீங்கள் மட்டும் லால்குடி வீட்டிலிருந்து வேலை பார்த்தால் என்ன? குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போவதற்கு முன் அதைச் செய்து பார்க்கலாமே.

---

லால்குடிக்காரன்

இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போய் அம்மாவிடம் நேராகவே கேட்டேன். “நீங்க வந்தா எனக்குச் சந்தோஷம்தான்டா, ஆனா திருச்சிக்கெல்லாம் என்னால வர முடியாது, இந்த வீட்டை விட்டுட்டு நான் எங்க போவேன்” என்றார். அப்புறம் “அவ வேலையை விட வச்சுட்டு வராத” என்றும் சொன்னார். மனைவிக்கு அதை ஃபோனில் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அண்டை வீட்டார் சொன்னபடிதான் செய்யப்போகிறோம். மாதத்தில் ஒரு வாரம் நான் லால்குடியில். சிஸ்டர் சொன்ன பரிசோதனை எல்லாம் அந்த வாரத்தில். சனி ஞாயிறு சேர்ந்து வந்தால் மகளும் வருவாள். அலுவலகத்தில் கேட்டேன், எதிர்ப்பு இல்லை, எழுத்தில் தரச் சொல்லியிருக்கிறேன்.

திருச்சி எண்ணத்தை விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மகளின் பள்ளி ஒரு கெடு வைக்கிறது. சிபிஎஸ்இயில் ஒன்பதாம் வகுப்பிலேயே பொதுத்தேர்வுக்குப் பதிவு செய்துவிடுவார்கள், அதற்குப் பிறகு மாற்றுவது தலைவலி. அதனால் எட்டாம் வகுப்பு முடிவதற்குள் எங்கள் இருவருக்கும் வேலை நிலைமை எப்படி இருக்கிறது என்று பார்த்து, அப்போது மறுபடி உட்கார்ந்து பேசுவோம். அதுவரை ஃபிளாட்டை விற்கவில்லை, வாடகைக்கும் விடவில்லை. ஊரில் ஃபைபர் இணைப்பு எப்படி இருக்கும் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

---

உறையூர் வாசி

நீங்கள் இங்கே வந்துவிடுவீர்கள் என்று ஆசைப்பட்டேன், பரவாயில்லை, ஒரு வாரமாவது வருகிறீர்களே.

என் தங்கை வீடு லால்குடிப் பக்கம்தான், ஃபைபர் எடுத்திருக்கிறார்கள், வேலைக்குப் போதுமான வேகம் இருக்கிறது. ஆனால் மின்தடை வரும் நாளில் மோடத்துக்குத் தனியாக ஒரு சின்ன யுபிஎஸ் போட்டுக்கொள்ளுங்கள், அம்மா வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்ப வேண்டாம். உங்கள் தெருவில் ஏற்கெனவே யார் வீட்டில் இணைப்பு இருக்கிறதோ அதே நிறுவனத்திடம் எடுங்கள், பழுது என்றால் சீக்கிரம் வருவார்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, வெள்ளி ராத்திரி, ஞாயிறு ராத்திரி வண்டிகள் உடனே நிரம்பிவிடும், அதனால் உங்கள் வாரத்தைச் செவ்வாயில் தொடங்கிச் செவ்வாயில் முடிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சில வண்டிகள் ஸ்ரீரங்கத்தில் நிற்கும், அங்கே இறங்கினால் காவிரிப் பாலம் தாண்ட வேண்டியதில்லை.

---

குரோம்பேட்டைப் பெண்

செவ்வாய் வேண்டாம் அண்ணா, எங்களுக்குச் செவ்வாயில்தான் வாடிக்கையாளர் கூட்டம், அன்று நான் சீக்கிரம் வீட்டுக்கு வர முடியாது. புதன் என்றால் சரி, அவரிடம் சொல்லிவிட்டேன்.